ஒரு கலுங்கும் ஏழு நாற்காலியும்

ஐப்பசி மழைய எங்க ஊர்ல பாதிப்பேர் துலாவர்ஷம்னுதான் சொல்லுவாங்க. பேப்பர், டிவி, ஆபீஸ் எல்லாம் மலையாளம்ங்கறதால அந்த வார்த்தை நாக்குல ஒட்டிக்கிச்சு. சித்தூர் தாலுகா கிழக்குப் பக்கம், கொழிஞ்சாம்பாறை தாண்டி பொள்ளாச்சி பார்டர பாத்து உக்காந்திருக்கற ஊரு எங்களோடது. வீட்ல தமிழ், ரேஷன் கார்டு மலையாளம், ஆஸ்பத்திரி கோயமுத்தூர், கல்யாணச் சந்தை பொள்ளாச்சி, இப்படித்தான் பொழப்பு. மழையே கம்மியான பக்கம் வேற, பாலக்காட்டு கணவாய்ல காத்து வந்த அளவுக்கு மழை வந்திருந்தா நாங்க எல்லாம் எப்பவோ பணக்காரங்க. அப்பேர்ப்பட்ட ஊர்ல 2022 ஐப்பசியில ஒரு ராத்திரி எங்க வாசல்ல முழங்கால் அளவு தண்ணி. கட்டுத்தரைல ரெண்டு மாடும் விடிய விடிய படுக்காம நின்னுட்டே இருந்துச்சு, அப்பா லுங்கிய தூக்கிக் கட்டிட்டு மண்வெட்டியோட இருட்டுல எந்தப் பக்கம் வெட்டிவிடறதுன்னு தெரியாம நின்னாரு.

காரணம் கண்டுபிடிக்க ஜேம்ஸ் பாண்ட் எல்லாம் வேண்டியதில்ல. அந்த வருஷம் வெயில் காலத்துல பஞ்சாயத்துக்காரங்க எங்க ரோட்டுக்கு கான்கிரீட் போட்டாங்க. நல்லா கனமா, ஒரு அடிக்கு மேல ஒசத்திப் போட்டாங்க. பழைய கல்லுக் கலுங்கு ஒண்ணு ரோட்டுக்கு அடியில இருந்துச்சு, எங்க அப்பாரு காலத்துல இருந்தே மேட்டுத் தண்ணி அது வழியாத்தான் அக்கட்டால இருக்கற ஓடைக்குப் போகும். அது கான்கிரீட்டுக்கு அடியில சமாதி. (தமிழ்நாட்டு ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கலுங்குன்னா ஏரியில தண்ணி வழியற எடம். இங்க ரோட்டுக்கடியில தண்ணி போறதுக்குக் கட்டற சின்னப் பாலத்தையே கலுங்குன்னுதான் சொல்லுவோம், மலையாளத்துலயும் அப்படித்தான். இந்தக் கட்டுரை பூரா அந்தக் கலுங்குதான்.)

மெம்பர் அக்காகிட்ட சொன்னோம். "பாக்கறேனுங்கண்ணா" அப்படின்னாங்க. நல்ல மனுஷிதான், பொய்யும் சொல்லல, வந்து பாத்தாங்க. பாத்துட்டுப் போயிட்டாங்க. கிராமசபாவுல அப்பா எழுந்து சொன்னாரு, மினிட்ஸ்ல எழுதிக்கிட்டாங்க. அன்னிக்கு கிராமசபாவுல முக்கால்வாசி நேரம் யாருக்கு கோழிக்குஞ்சு, யாருக்கு தென்னங்கன்னு, யாருக்கு வீடு மெயின்டனன்ஸ்னு பயனாளி லிஸ்ட்லயே போச்சு, அதுக்காகத்தான் கூட்டமும் வந்திருந்துச்சு, அத நான் தப்புன்னு சொல்லமாட்டேன், கோழி கெடைக்கும்னா நானும் போவேன்.

விஷயம் மாறினது எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்கற கிளார்க் மாமாவால. அவரு வேற ஒரு பஞ்சாயத்துல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவரு, பொழுதோட வந்து திண்ணையில உக்காந்தா ஒம்பது மணிக்கு சீரியல் முடிஞ்சுதான் எழுந்திருப்பாரு. அவர்தான் சொன்னாரு, "மாப்ள, ரோடு போடறதுக்கு எஸ்டிமேட் போட்டிருப்பாங்கல்ல, அதுல கலுங்கு இருந்துச்சான்னு பாரு, எம்-புக் காப்பி கேளு." தகவல் உரிமைல எழுதிக் கேட்டேன். வந்துச்சு. பாத்தா, எஸ்டிமேட்ல ரெண்டு கலுங்கு. எம்-புக்னா மெஷர்மென்ட் புக், முடிஞ்ச வேலைய அளந்து எழுதற புக். அதுல ரெண்டு கலுங்கும் கட்டி முடிச்சு நீளம், அகலம், பைப் சைஸ் எல்லாம் அளந்து எழுதி, ஓவர்சியர் கையெழுத்து, இன்ஜினியர் கையெழுத்து, பில்லும் பாஸ் ஆகியிருக்கு. தரையில ஒண்ணுகூட இல்ல. பேப்பர்ல ரெண்டு கலுங்கு வழியாவும் தண்ணி ஜம்முனு போயிட்டு இருக்கு, எங்க வாசலுக்கு மட்டும்தான் அது தெரியல.

அப்பாவுக்கு வந்த கோவம் இருக்கே. ஏன்னா அவருக்கு இந்த எம்-புக் சமாச்சாரம் எல்லாம் புதுசில்ல. 1996 ஆகஸ்ட்ல, மலையாள சிங்ஙம் மாசம் ஒண்ணாந்தேதி, நாயனாரோட இடது முன்னணி சர்க்கார் ஜனகீயாசூத்ரணம்னு ஆரம்பிச்சாங்களே, மக்கள் திட்ட இயக்கம், மாநிலத்தோட பிளான் பணத்துல 35-ல இருந்து 40 சதவீதம் வரைக்கும் உள்ளாட்சிக்கே குடுக்கறோம்னு சொல்லி, அந்தக் காலத்துல கான்ட்ராக்டருக்கு பதிலா ஊர்க்காரங்களே குணபோக்த்ரு கமிட்டின்னு, அதான் பயனாளிங்க கமிட்டி, ஒண்ணு அமைச்சு வேலைய எடுத்துச் செய்யலாம். எங்க ஊரு பொதுக்கிணறு ஆழப்படுத்தினப்ப அப்பாதான் கமிட்டி கன்வீனர். சிமெண்ட் மூட்டை எத்தனை, கூலி எத்தனை பேருக்கு, டீ எத்தனைன்னு எழுதின நோட்டு இன்னும் பீரோவுல துணிக்கு அடியில இருக்கு. சில ஊர்ல கமிட்டி பேர்ல பின்னாடி நின்னு வேலை செஞ்சது கான்ட்ராக்டர்தான்ங்கறது வேற கதை, அதுவும் எல்லாருக்கும் தெரியும். ஆனா அப்பா நோட்டுல டீ காசு வரைக்கும் சரியா இருக்கும், அத நான் எங்க வேணாலும் சத்தியம் பண்ணுவேன்.

"ஓம்புட்ஸ்மானுக்குப் பராதி குடு" அப்படின்னாரு கிளார்க் மாமா.

பராதின்னா புகார். ஓம்புட்ஸ்மான்ங்கற வார்த்தைய எனக்கு பேங்க்லதான் தெரியும், சுவத்துல ஒட்டியிருப்பாங்க. தொழிலுறப்புக்கும், அதான் நூறு நாள் வேலைக்கும், மாவட்டத்துல ஒரு ஓம்புட்ஸ்மான் உண்டுன்னு அம்மா சொல்லிக் கேட்டிருக்கேன். இது ரெண்டும் இல்ல, இது பஞ்சாயத்தையும் முனிசிபாலிட்டியையும் கேள்வி கேக்கறதுக்குன்னே கேரளா சட்டத்துல இருக்கற ஒரு அமைப்பு, திருவனந்தபுரத்துல ஆபீஸ், வக்கீல் இல்லாமயே நாமளே போய்ப் பேசலாம்னாரு. நான் நம்பல. பஞ்சாயத்து செஞ்சத விசாரிக்கறதுக்குத் தனியா ஒரு ஆளா? அன்னிக்கு ராத்திரி மாமா ரெண்டு சொம்பு மோர் குடிச்சுட்டு சொன்ன கதையையும், அதுக்கப்புறம் நானே அங்க இங்க தேடிப் படிச்சதையும் சேத்து எழுதறேன், ஏன்னா கலுங்கு விட எனக்கு இப்ப இந்தக் கதைதான் மண்டைக்குள்ள சுத்திட்டு இருக்கு.

73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு, அடுத்த வருஷம் கேரளா பஞ்சாயத் ராஜ் சட்டம் 1994 வந்துச்சு. அந்த மொதல் சட்டம் பேருக்குத்தான் பஞ்சாயத்து ராஜ்ஜியம், கடிவாளம் பூரா சர்க்கார் கையிலதான். பஞ்சாயத்து போட்ட தீர்மானம் புடிக்கலேன்னா சர்க்காரே ரத்து பண்ணிடலாம். 96-ல பணத்தக் குடுத்தாச்சு, பணம் போற எடத்துக்கு அதிகாரம் போகலேன்னா எப்படின்னு சத்யபிரதா சென் தலைமையில ஒரு கமிட்டி போட்டாங்க, சென் கமிட்டின்னு சொல்லுவாங்க. அந்தக் கமிட்டி சொன்னதுல எனக்குப் புடிச்ச யோசனை இதுதான்: பஞ்சாயத்து மேல சர்க்கார் வெச்சிருக்கற புடிய விடணும், ஆனா சும்மா விட்டா திருடுவாங்க, அதனால சர்க்காருக்கும் சேராத பஞ்சாயத்துக்கும் சேராத அமைப்புங்க கையில அந்த வேலையக் குடுக்கணும். ஓம்புட்ஸ்மான், அப்பீல் ட்ரிப்யூனல், ஆடிட் கமிஷன்னு வரிசையா சொன்னாங்க.

1999-ல சட்டத்த ஏறக்குறைய புதுசாவே எழுதின மாதிரி திருத்தினாங்க. அந்தத் திருத்தத்துலதான் 271-வது பிரிவுக்கு வால் முளைச்சுது, 271எஃப், 271ஜின்னு ஆங்கில எழுத்து ஒவ்வொண்ணா சேந்துக்கிட்டே போகும், அதுக்குள்ள ஓம்புட்ஸ்மான் உக்காந்திருக்காரு. அதே வால்ல தகவல் உரிமையும் இருக்கு. நாடு முழுக்க தகவல் உரிமைச் சட்டம் வந்தது 2005-ல, இங்க பஞ்சாயத்துக் கணக்க ஜனங்க கேட்டு வாங்கலாம்னு 1999-லயே எழுதிட்டாங்க. இன்னொண்ணு, பஞ்சாயத்துத் தீர்மானத்த ரத்து பண்ணணும்னா சர்க்கார் தன்னிஷ்டத்துக்குப் பண்ணக்கூடாது, ஓம்புட்ஸ்மானுக்கோ ட்ரிப்யூனலுக்கோ அனுப்பிக் கேட்டுட்டுத்தான் பண்ணணும். அதாவது இந்த அமைப்பு பஞ்சாயத்து தலையில குட்டறதுக்கு மட்டும் இல்ல, சர்க்கார் குட்ட வந்தா நடுவுல கைய நீட்டறதுக்கும்தான். ட்ரிப்யூனல் வேற, அது வரி, லைசன்ஸ், பில்டிங் பெர்மிட் அப்பீலுக்கு, நெறைய பேரு ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கறாங்க, நானும் மொதல்ல கொழப்பிட்டேன்.

இப்ப நாற்காலிக்கு வரேன்.

1999 சட்டத்துல ஓம்புட்ஸ்மான்னா ஒரு ஆளு இல்ல, ஏழு பேரு. ஹைகோர்ட் ஜட்ஜ் ஒருத்தர், மாவட்ட ஜட்ஜுங்க ரெண்டு பேரு, சர்க்கார் செக்ரட்டரி லெவல் ஆபீசருங்க ரெண்டு பேரு, அப்புறம் பொதுவாழ்க்கையில பேரெடுத்த ரெண்டு பேரு, இந்தக் கடைசி ரெண்டு பேர எதிர்க்கட்சித் தலைவரையும் கலந்துதான் போடணும். கணக்குப் போட்டுப் பாருங்க, ஏழு. 2000-ல அந்த ஏழு பேரு உக்காந்தாங்க. 2001 மே மாசம் ஆட்சி மாறுச்சு, ஆண்டனியோட ஐக்கிய முன்னணி சர்க்கார் வந்துச்சு, அந்த வருஷமே திருத்தம் வந்துச்சு, ஏழு நாற்காலி ஒரே நாற்காலி ஆச்சு. ஹைகோர்ட் ஜட்ஜா இருந்த ஒருத்தர், முதலமைச்சர் ஆலோசனைப்படி கவர்னர் நியமிப்பாரு, மூணு வருஷம் பதவி. ஏழு பேரு அமைப்பு நாக்கு நனைக்கற அளவுகூட வேலை செய்யல, அதுக்குள்ள கலைச்சாச்சு.

மொதல் தடவ இதக் கேட்டப்ப எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நாய வளக்கறவன் சங்கிலிய சுருக்கற மாதிரி இருக்கேன்னு மாமாகிட்ட சண்டைக்கே போனேன். மாமா சிரிச்சுட்டு, "ஏழு பேரு ஒண்ணா உக்காரணும்னா ஒரு தேதி குறிக்கவே ஆறு மாசம் ஆகும் மாப்ள, நம்ம வீட்ல ஒரு நிச்சயதார்த்தத்துக்கு மாமன் மச்சான் தேதி ஒத்துவர என்ன பாடுபட்டோம்"னாரு. அது வாஸ்தவம். செலவும் ஏழு மடங்கு. ஆனா எனக்கு நெஞ்சுல உறுத்தினது போன நாலு ஆபீசர், ஜட்ஜுங்க இல்ல, அந்த ரெண்டு பொது ஆளுங்க. அவங்கதான் கலுங்குன்னா என்னன்னு எம்-புக் பாக்காமயே தெரிஞ்ச ஆளுங்களா இருந்திருப்பாங்க. எதிர்க்கட்சித் தலைவருக்கு இருந்த அந்தச் சின்னப் பங்கும் அவங்களோட சேந்து போச்சு. அத ஏன் எடுத்தாங்கன்னு மட்டும் எனக்கு ஒருத்தரும் உருப்படியா சொல்லல.

சரி, பராதி. அரசியல் சட்டம் 350-ல குறைய எந்த மொழியில வேணாலும் எழுதிக் குடுக்கலாம்னு இருக்கு, நம்ம நாட்டுலயோ மாநிலத்துலயோ புழங்கற மொழியா இருந்தாப் போதும். கேரளாவுல 1969 ஆட்சிமொழிச் சட்டத்துலயும் தமிழ், கன்னடம் பேசறவங்களுக்குத் தனியா எடம் விட்டிருக்காங்க. எல்லாம் தெரிஞ்சும் நான் மலையாளத்துலதான் எழுதலாம்னு முடிவு பண்ணேன், வீரம் இல்லாம இல்ல, தமிழ்ல எழுதினா அத மொழிபெயர்க்க ஒருத்தர் தேடணும், அவரு கலுங்க ஏரிக் கலுங்குன்னு எழுதிட்டா என் கதை முடிஞ்சுது. எனக்கு மலையாளம் படிக்க வரும், எழுதினா கோழி கெளறின மாதிரி இருக்கும். எழுதினது என் பொண்ணு. தமிழ் மீடியம்தான், ஆனா 2017-ல வந்த சட்டப்படி ஸ்கூல்ல மலையாளம் கட்டாயம், அப்ப எட்டாவது படிச்சிட்டு இருந்தா, கையெழுத்து அச்சு மாதிரி.

மாமா சொல்லச் சொல்ல அவ எழுதினா. மொதல் வரியிலயே நிறுத்திட்டா. "ஓம்புட்ஸ்மான் சமக்ஷம் போதிப்பிக்குன்ன பராதி" அப்படின்னு ஆரம்பிக்கணும்னு மாமா சொல்ல, "ஏனுங் தாத்தா, ஜட்ஜுக்கே போதனை பண்ணலாமா நாம?" அப்படின்னா. மலையாளத்துல போதிப்பிக்கறதுன்னா தெரியப்படுத்தறது. ரெண்டாவது நிறுத்தம் "எதிர்கக்ஷி - பஞ்சாயத்து செக்ரட்டரி"ங்கற எடத்துல. அவளுக்கு எதிர்க்கட்சின்னா சட்டசபையில எழுந்து கத்தறவங்க. செக்ரட்டரி எப்படி எதிர்க்கட்சி ஆவாருன்னு கேட்டா. நியாயமான கேள்விதான். எதிர்வாதின்னு வெளக்கினோம். கடைசியில ரெண்டு பக்கம், எஸ்டிமேட் காப்பி, எம்-புக் காப்பி, வாசல்ல தண்ணி நின்ன நாலு போட்டோ, அதுல ஒண்ணுல மாட்டோட மூஞ்சி ரொம்ப சோகமா வந்திருக்கும், அத மொதல்ல வெக்கணும்னு அம்மா சொன்னாங்க, வெச்சோம். ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன். சம்பவம் நடந்து மூணு வருஷத்துக்குள்ள குடுக்கணும்னு சட்டத்துல இருக்கு, கோர்ட்ல கேஸ் நடக்கற விஷயத்த எடுக்கமாட்டாங்க, ட்ரிப்யூனலுக்குப் போகவேண்டியதயும் எடுக்கமாட்டாங்க. நம்மளோடது எதுலயும் மாட்டல.

ஓ.பி. நம்பர், அதான் மனு நம்பர், போட்டு நோட்டீஸ் வந்துச்சு, எங்களுக்கு ஒண்ணு செக்ரட்டரிக்கு ஒண்ணு. அந்த நோட்டீஸ் வந்த வாரத்துல எங்க ரோட்டுல நடந்த ஆள் நடமாட்டம் இருக்கே, அதுக்கு முன்னாடி ஒரு வருஷத்துல நடந்திருக்காது. ஓவர்சியர் வந்தாரு, டேப் புடிச்சாரு. கான்ட்ராக்டரோட ஆளு ஒருத்தர் வந்து அப்பாகிட்ட, "பெரியவரே, சொல்லியிருந்தா ரெண்டு பைப்ப போட்டுக் குடுத்திருப்பமே, இதுக்குப் போயி"ன்னு இழுத்தாரு. அப்பா ஒண்ணும் பேசல, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு. அதவிட பெரிய பதில் இல்ல.

மொதல் சிட்டிங் அன்னிக்கு பஞ்சாயத்துப் பக்கம் டைம் கேட்டாங்க. ரெண்டாவது தடவை பாலக்காட்டுல வெச்ச சிட்டிங்குக்கு நானும் அப்பாவும் பஸ் ஏறினோம். அப்பா கல்யாணத்துக்குப் போற மாதிரி வெள்ளை வேட்டி, அங்கராக்குல அந்த பழைய கிணத்து நோட்டு. எதுக்குப்பான்னு கேட்டா, "இருக்கட்டும்"னாரு. நான் கோர்ட்டுன்னா கூண்டு, டவாலி, மணியடிக்கறதுன்னு சினிமாவுல பாத்த மாதிரி இருக்கும்னு நெனச்சேன். ஒரு ஹால், மேசை, பைலுங்க, வரிசையா ஜனங்க. எனக்கு முன்னாடி இருந்தவங்க கதையெல்லாம் கேட்டுட்டே இருந்தா பொழுது போறதே தெரியல, ஒருத்தருக்குத் தெருவிளக்கு, ஒருத்தருக்கு பக்கத்து வீட்டுக் கழிவுநீர், ஒரு அம்மாவுக்கு வீட்டு நம்பர். எல்லாம் சின்னச் சின்ன விஷயம். ஆனா அவங்கவங்க வாழ்க்கையில அதுதான் பெரிய விஷயம், வேற எந்தக் கோர்ட்டுல இதுக்கெல்லாம் நிக்க முடியும், வக்கீல் பீஸ்ல ரெண்டு கலுங்கு கட்டிடலாம்.

எங்க முறை வந்துச்சு. நான் ராத்திரி பூரா மலையாளத்துல மனப்பாடம் பண்ணிட்டுப் போன பேச்சு ரெண்டாவது வரியில தமிழாயிடுச்சு. ஓம்புட்ஸ்மான் தடுக்கல. எம்-புக்க எடுத்து, எந்த சர்வே நம்பர்ல எத்தனாவது மீட்டர்ல இந்த ரெண்டு கலுங்கும் இருக்குன்னு செக்ரட்டரிகிட்ட கேட்டாரு. செக்ரட்டரி ஓவர்சியரப் பாத்தாரு. ஓவர்சியர் பைலப் பாத்தாரு. அந்த நிமிஷத்துலதான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது. இந்த ஒரு கேள்விய நாங்க மெம்பர்கிட்ட, கிராமசபாவுல, ஆபீஸ்ல எல்லாம் கேட்டோம், பதில் சொல்லணும்ங்கற கட்டாயம் யாருக்கும் இல்ல. இங்க இருந்துச்சு. சிவில் கோர்ட் மாதிரி ஆள வரவழைக்கலாம், ரெக்கார்ட கேட்டு வாங்கலாம், நஷ்டஈடு போடலாம், நஷ்டத்த சம்பந்தப்பட்ட ஆளுகிட்ட இருந்தே வசூல் பண்ணச் சொல்லலாம், செய்யாம விட்டத செய்ய உத்தரவு போடலாம், கிரிமினல் குத்தம்னு தோணுனா கேஸுக்கு அனுப்பலாம், அத்தனையும் சட்டத்துல எழுதியிருக்கு. ஏழு பேரு மேசையா இருந்தா அந்தக் கேள்வி இத்தன வெசையா வந்திருக்குமான்னு எனக்கு சந்தேகம். மாமா சொன்னதுல பாதி சரின்னு அன்னிக்கு ஒத்துக்கிட்டேன், மூஞ்சிக்கு நேரா ஒத்துக்கல.

மீதிப் பாதிய ஒத்துக்கல. அப்பா அந்த நோட்ட நீட்டினாரு. தொண்ணூத்தெட்டுல அந்தக் கிணத்து வேலை நடந்தப்ப பழைய கலுங்குக்குப் பக்கத்துலதான் மண்ணு கொட்டினாங்க, கலுங்கு அடைக்காம இருக்க ஒரு ஆளுக்கு அரை நாள் கூலி குடுத்ததா எழுதியிருக்கு. அதாவது பழைய கலுங்கு இருந்துச்சுங்கறதுக்கு அத்தாட்சி. பஞ்சாயத்துக்காரங்களோ, அங்க முன்னாடி கலுங்கே இல்ல, இப்ப போட்டது மண்ணு மூடியிருக்குன்னு ஒரு கதைய ஆரம்பிச்சிருந்தாங்க. நோட்ட வாங்கிப் பாத்தாரு, மரியாதையாத்தான் பாத்தாரு, ஆனா அது தமிழ்ல பென்சில்ல எழுதின நோட்டு, அதிகாரப்பூர்வ ரெக்கார்டு இல்ல, பைல்ல சேக்கறதுக்கு எடம் இல்ல. தப்பு அவருமேல இல்ல, ஜட்ஜுன்னா பேப்பரத்தான் பாக்க முடியும். அந்த ரெண்டு பொது ஆளுங்க மேசையில இருந்திருந்தா, அந்த மாதிரி நோட்டு எழுதின தலைமுறைய நேர்ல பாத்தவங்க யாராவது ஒருத்தர் இருந்திருப்பாங்களேன்னு பஸ்ல வரும்போது நெனச்சுட்டே வந்தேன்.

நேர்ல போய்ப் பாத்து ரிப்போர்ட் குடுக்கச் சொல்லி உத்தரவு ஆச்சு. ரிப்போர்ட் வர்றதுக்குள்ள அவசர அவசரமா கலுங்கு வந்துச்சு. ஒண்ணு. எங்க வாசலுக்கு நேரா, ரோட்ட வெட்டி, பைப் போட்டு, மேல கான்கிரீட் பூசி, மூணு நாள்ல முடிச்சுட்டாங்க. இன்னொண்ணு கொஞ்சம் தள்ளி, அது ஒரு மாசம் கழிச்சு. கடைசி உத்தரவுல இந்தக் கலுங்குக்கு ரெண்டாவது தடவ பஞ்சாயத்துப் பணத்துல பில் எழுதக்கூடாது, கான்ட்ராக்டர் செலவுதான்னு உறுதி பண்ணி ரிப்போர்ட் அனுப்பணும்னு இருந்துச்சு. இல்லாத கலுங்க அளந்த கைக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா. ஒண்ணும் ஆகல. ட்ரான்ஸ்பர் ஆச்சு, அதுவும் இதனாலதானா இல்ல எப்பவும் வர்ற ட்ரான்ஸ்பரான்னு எனக்குத் தெரியாது.

இதுக்கப்புறம்தான் எனக்கு சட்டம் படிக்கற வியாதி புடிச்சுது. கண்காணிக்கற அமைப்பு எதுவா இருந்தாலும் அதோட பல்லு எண்ணிப் பாக்கறதே வேலையாப் போச்சு. லோக் ஆயுக்தா இருக்கே, ஊழல் விசாரிக்கற அமைப்பு, அது மந்திரி எம்.எல்.ஏ. வரைக்கும் விசாரிக்கும், சட்டம் அதுவும் 1999-தான். அதுல 14-வது பிரிவுல, இந்த ஆளு பதவியில இருக்கக்கூடாதுன்னு லோக் ஆயுக்தா சொல்லிட்டா எறங்கித்தான் ஆகணும், 2021 ஏப்ரல்ல ஒரு மந்திரி அப்படி ராஜினாமா பண்ணாரு. 2022-ல அந்தப் பிரிவ மாத்தினாங்க, முதலமைச்சர் விஷயத்துல சட்டசபையும், மந்திரி விஷயத்துல முதலமைச்சரும், எம்.எல்.ஏ. விஷயத்துல சபாநாயகரும் முடிவு பண்ணிக்கலாம்னு. 2024-ல ஜனாதிபதி ஒப்புதலும் கெடச்சுது. ஏழ ஒண்ணாக்கினது ஐக்கிய முன்னணி, 14-ல கைய வெச்சது இடது முன்னணி. அந்தந்த நேரத்துல மத்தவங்க எதிர்த்தாங்க. நான் ரெண்டு பக்கமும் ஓட்டுப் போட்டிருக்கேன், அதனால திட்டறதுக்கும் ரெண்டு பக்கமும் உரிமை இருக்கு.

ஜனாதிபதி ஒப்புதல்னதும் எங்க பக்கத்துல எவனுக்கும் பெருமாட்டிதான் ஞாபகம் வரும். பக்கத்துப் பஞ்சாயத்து, பிளாச்சிமடை. கொக்கோ கோலா கம்பெனி லைசன்ஸ புதுப்பிக்க மாட்டோம்னு 2003-ல ஒரு கிராமப் பஞ்சாயத்து நின்னுச்சு பாருங்க, 2004 மார்ச்ல பேக்டரி நின்னுச்சு, பஞ்சாயத்துன்னா என்ன பெரிய இதுன்னு கேக்கறவங்களுக்கு நாங்க அதத்தான் சொல்லுவோம். பாதிக்கப்பட்ட ஜனங்களுக்கு நஷ்டஈடு வாங்கித்தர தனி ட்ரிப்யூனல் வேணும்னு 2011-ல சட்டசபையில மசோதா பாஸ் ஆச்சு. அதுக்கு ஜனாதிபதி ஒப்புதல் கெடைக்கல. ஜனங்களுக்கு ஒரு மேசை போடறதுக்கான மசோதா அங்கயே நின்னுச்சு, இருக்கற மேசையோட காலை வெட்டற மசோதா ரெண்டு வருஷத்துக்குள்ள போய்ட்டு வந்துடுச்சு. ரெண்டுக்கும் சட்டக் காரணம் வேற வேற இருக்கும், வக்கீலுங்க வெளக்குவாங்க, நான் பாத்தத சொல்றேன்.

அக்கரையில எப்படின்னு பொள்ளாச்சி மச்சான்கிட்ட கேட்டேன், தமிழ்நாட்டுல 2014-ல உள்ளாட்சி முறைமன்ற நடுவம்னு சட்டம் போட்டிருக்காங்க. பேரு நம்ம ஓம்புட்ஸ்மானவிட அழகா இருக்கு. மச்சான் ரெண்டு தடவ வார்டு கவுன்சிலருக்கு நின்னவன், அவனுக்கே அப்படி ஒண்ணு இருக்கறது தெரியல. 13-வது நிதிக் கமிஷன், 2010-ல இருந்து அஞ்சு வருஷத்துக்கு, உள்ளாட்சிக்கு செயல்பாட்டு மானியம் வேணும்னா இந்த இந்த வேலையெல்லாம் முடிச்சிருக்கணும்னு ஒரு பட்டியல் போட்டுச்சு, அதுல தனி ஓம்புட்ஸ்மானும் ஒண்ணு. அதுக்கு முன்னாடி 2007-லயே ரெண்டாவது நிர்வாகச் சீர்திருத்தக் கமிஷனும் இப்படி ஒண்ணு வேணும்னு எழுதியிருக்கு. பணம் வரும்னாத்தான் மேசை போடுவோம்னு சில மாநிலங்க இருந்திருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம். அந்த வகையில கேரளா யாரும் காசு காட்டாமயே 1999-ல போட்டுச்சுங்கறத ஒத்துக்கணும்.

எனக்கு இதுல ஒரே ஒரு வயித்தெரிச்சல்தான், அத சொல்லிடறேன். கிராமசபாவுல எங்ககிட்ட கோழி யாருக்கு, ஆடு யாருக்கு, கக்கூஸ் யாருக்குன்னு எல்லாம் கேக்கறாங்க. எங்க பஞ்சாயத்த யாரு கண்காணிக்கணும், அந்த மேசையில யாரு உக்காரணும்னு ஒரு நாளும் கேட்டதில்ல. ஏழு போட்டப்பவும் கேக்கல, ஒண்ணாக்கினப்பவும் கேக்கல. 2024 ஜூன்ல வார்டு எண்ணிக்கைய ஏத்தற ரெண்டு மசோதா, பஞ்சாயத்துக்கு ஒண்ணு முனிசிபாலிட்டிக்கு ஒண்ணு, மசோதாவ அலசிப் பாக்கற சட்டசபை சப்ஜெக்ட் கமிட்டிக்குக்கூட அனுப்பாம சில நிமிஷத்துல பாஸ் ஆச்சு. கிராமப் பஞ்சாயத்துக்கு 13-ல இருந்து 23 வார்டுன்னு இருந்தது 14-ல இருந்து 24 ஆச்சு. அப்புறம் மாநிலத் தேர்தல் கமிஷனர் தலைமையில டீலிமிட்டேஷன் கமிஷன் உக்காந்து எல்லாப் பஞ்சாயத்தையும் மறுபடி கோடு கிழிச்சாங்க. அந்தக் கோடு எங்க ரோட்டு நடுவுல வந்துச்சு. கலுங்கு சரியா எல்லையில. தண்ணி ஒரு வார்டுல உள்ள போயி இன்னொரு வார்டுல வெளிய வருது.

அதனால 2025 டிசம்பர் எலக்‌ஷன்ல எங்க வீட்டுக்கு ரெண்டு வார்டு ஆளுங்களும் வந்தாங்க, எல்லை சரியாத் தெரியாம. நோட்டீஸ் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம். ஒரு நோட்டீஸ்ல வளர்ச்சிப் பணின்னு போட்ட லிஸ்ட்ல ஆறாவதா எங்க கலுங்கு. ரெண்டு நாள் கழிச்சு எதிர்ப்பக்க நோட்டீஸ் வந்துச்சு, அதுல, எங்கள் தொடர் போராட்டத்தால் கட்டப்பட்ட கலுங்குன்னு இருந்துச்சு. என் பொண்ணு ரெண்டையும் எடுத்து பிரிட்ஜ் மேல காந்தம் வெச்சு ஒட்டிட்டா.

அப்பா ரெண்டு கட்சிக்காரங்களுக்கும் மோர் குடுத்தாரு. குடிச்சு முடிக்கற வரைக்கும் பொறுமையா இருந்துட்டு, ரெண்டு தடவையும் ஒரே கேள்விதான் கேட்டாரு. "நீங்க கட்டுனது எதுங்க, மொதல்ல எம்-புக்ல இருந்ததா, இப்பத் தரையில இருக்கறதா?"